கோடிங்கும் சரி, லைப்ரரியும் சரி... அப்புறம் ஏன் பில்ட் உடையுது?

உபுண்டுவில் சி++ புராஜெக்ட் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓபன்சிவி மூலம் போட்டோவைப் படிப்பதுதான் அதன் வேலை. அதில் கொஞ்சம் ஏஐ சேர்க்கலாம் என்று பைடார்ச்சின் சி++ வடிவமான லிப்டார்ச்சை டவுன்லோட் செய்து இணைக்கிறார்கள். பில்ட் கொடுத்ததும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று எரர். அதுவும் புதிதாகச் சேர்த்த லிப்டார்ச்சில் இல்லை. நேற்று வரை ஓடிய ஓபன்சிவியின் 'இம்ரீட்' ஃபங்ஷனைக் காணவில்லையாம்!

ஓபன்சிவியை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் அதே எரர்தான். லைப்ரரியைத் திறந்து பார்த்தால் இம்ரீட் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும். பல வருடங்களாக சி++ ஆட்களைப் பாதி ராத்திரி வரை உட்காரவைத்த பிரச்னை இது. இதில் கோடிங் மேல் எந்தத் தப்பும் இல்லை. கம்பைலரின் ஒரே ஒரு செட்டிங்தான் காரணம்.

பழைய எண், புதிய எண்

சி++ புரோகிராம் மொத்தமாக ஒரே நேரத்தில் தயாராவதில்லை. ஒவ்வொரு ஃபைலையும் கம்பைலர் தனித்தனியாக மாற்றிக் கொடுக்கும். கடைசியில் லிங்கர் அவற்றைப் பெயர் பார்த்து ஒட்டும். ரெடிமேடாக வாங்கும் லைப்ரரி, யாரோ எங்கோ வேறு கம்ப்யூட்டரில் கம்பைல் செய்தது. எந்த டேட்டாவுக்கு எத்தனை பைட், எந்த ஃபங்ஷனுக்கு உள்ளே என்ன பெயர் என்பதில் இரண்டு தரப்பும் ஒத்துப்போக வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர்தான் ஏபிஐ.

லினக்ஸில் பெரும்பாலானோர் பயன்படுத்தும் ஜிசிசி கம்பைலர், 2015ல் வந்த 5ஆம் பதிப்பில் இந்த ஒப்பந்தத்தை மாற்றியது. சும்மா மாற்றவில்லை. அதுவரை ஒரு ஸ்ட்ரிங்கை காப்பி எடுத்தால், யாராவது அதில் கை வைக்கும் வரை இரண்டும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொள்ளும். 2011ல் வந்த சி++11 தரநிலை அதற்கு இடம் தரவில்லை. அதனால் ஸ்ட்ரிங்கின் உள்கட்டமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. 64 பிட் கம்ப்யூட்டரில் பழைய ஸ்ட்ரிங் 8 பைட். வெறும் முகவரி மட்டும். புதியது 32 பைட். 15 எழுத்து வரையுள்ள சின்ன வார்த்தைகளைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

8 பைட்டை எதிர்பார்க்கும் லைப்ரரியிடம் 32 பைட் சமாசாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? மெமரி கந்தல்தான். அதைத் தவிர்க்க ஜிசிசி குழு ஒரு வேலை செய்தது. புதிய ஸ்ட்ரிங்கின் உள்பெயரில் 'சிஎக்ஸ்எக்ஸ்11' என்று ஒரு அடையாளத்தைச் சேர்த்தது. புரோகிராமர் எழுதும் பெயர் மாறாது. லிங்கர் பார்க்கும் பெயர் மட்டும் மாறும்.

சென்னை வீடுகளில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்குமே, கிட்டத்தட்ட அதே கதை. வாசலில் புதிய எண் மட்டும் எழுதியிருக்க, கூரியர்காரர் பழைய எண்ணோடு வந்தால் வீட்டைத் தேடி அலைவார். இங்கே லிங்கர்தான் கூரியர்காரர்.

முதலில் சொன்ன புராஜெக்டில் நடந்ததும் இதுதான். உபுண்டுவின் ஓபன்சிவி புதிய முறையில் பில்ட் ஆனது. லிப்டார்ச்சோ அப்போது இரண்டு வடிவங்களில் கிடைத்தது. பழைய முறையை டவுன்லோட் செய்தால், அதன் சிமேக் ஃபைல் சத்தமில்லாமல் மொத்த புராஜெக்டையும் பழைய முறைக்குத் திருப்பிவிடும். உடனே ஓபன்சிவியின் கதவு எண் பொருந்தாமல் போகும். 2025ல்தான் பைடார்ச் புதிய முறைக்கு மாறியது. பழைய பதிப்புகளை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இந்தத் தலைவலி உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எரர் மெசேஜை முழுசாகப் படியுங்கள். காணவில்லை என்று சொல்லும் பெயருக்குள் 'சிஎக்ஸ்எக்ஸ்11' இருந்தால், செட்டிங் ஒத்துப்போகவில்லை என்றே முதலில் சந்தேகப்படலாம். ஜிசிசியின் கையேடும் அதைத்தான் சொல்கிறது. நம் உதாரணம் இதற்கு நேரெதிர்: எரரில் அது இருக்காது, ஓபன்சிவி லைப்ரரிக்குள் இருக்கும். 'என்எம்' கமாண்ட் போட்டால் லைப்ரரியில் உள்ள பெயர்கள் வரும். கிறுக்கலாகத் தெரிந்தால் 'சி++ஃபில்ட்' அதைப் படிக்கிற மாதிரி மாற்றித் தரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

தீர்வு, ஒரு தரப்பை மாற்றுவது. சோர்ஸ் கையில் இருந்தால் லைப்ரரியை உங்கள் செட்டிங்கிலேயே மறுபடி பில்ட் செய்வது நல்லது. இல்லாவிட்டால் பொருத்தமான வடிவத்தை டவுன்லோட் செய்யலாம். அதுவும் கிடைக்காதபோதுதான் சொந்த புராஜெக்டை மாற்ற வேண்டும். அப்போது ஒரு ஃபைலை மட்டும் மாற்றினால் போதாது, ஸ்ட்ரிங்கைக் கொடுத்து வாங்கும் மற்ற லைப்ரரிகளும் சேர்ந்து மாற வேண்டும். எதைச் செய்தாலும் பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு ஆரம்பியுங்கள். சிமேக் முன்பு பார்த்த லைப்ரரி பாதைகளை கேஷில் குறித்து வைத்திருக்கும். திரும்பவும் அதையே எடுத்துக் கொடுக்கும்.

விண்டோஸ்காரர்களுக்கு இந்த அலைச்சல் கொஞ்சம் குறைவு. டீபக் பில்டையும் ரிலீஸ் பில்டையும் கலந்தால், விஷுவல் ஸ்டுடியோ 'எல்என்கே 2038' என்ற எண்ணோடு, எந்த செட்டிங் எந்த மதிப்பில் மோதுகிறது என்று நேரடியாகச் சொல்லிவிடும்.

எரரே வராவிட்டால்?

அதுதான் இருப்பதிலேயே மோசம். ஒரு ஹெடர் ஃபைலில், குறிப்பிட்ட மேக்ரோ ஆன் ஆகியிருந்தால் மட்டும் ஸ்ட்ரக்டில் ஒரு ஃபீல்டு கூடுதலாக வரும்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள். லைப்ரரி அந்த மேக்ரோவோடு பில்ட் ஆனது. உங்கள் புராஜெக்ட் அது இல்லாமல். பெயர் ஒன்றுதான் என்பதால் லிங்கர் கேள்வி கேட்காமல் ஒட்டிவிடும். பில்ட் ஓகே, டெஸ்ட்டும் ஓகே ஆகலாம். ஆனால் ஒரு பக்கம் சம்பளத்தை எழுதிய இடத்தில், மறுபக்கம் வயதைப் படிக்கும். கிராஷ் ஆனாலும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு வரியில்தான் ஆகும். இதைக் கண்டுபிடித்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று சி++ தரநிலை கம்பைலரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

ஜிசிசியில் எல்டிஓ ஆப்ஷனை ஆன் செய்தால் இப்படிப்பட்ட சில மோதல்களை 'ஓடிஆர்' எச்சரிக்கையாகக் காட்டும். சோர்ஸ் இல்லாத லைப்ரரிக்கு அந்த வசதியும் பெரும்பாலும் கிடைக்காது. எந்த கம்பைலர், எந்தெந்த மேக்ரோ என்று அதை பில்ட் செய்தவர்களிடமே கேட்டு வாங்க வேண்டியதுதான்.