பதினேழு வயதோடு நின்றுவிடும் நாண்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறி ஓடும் வீட்டுக்குள் போனால், சேலைக்கு முன்னால் நெய்பவரின் உடம்புதான் கண்ணில் படும். குழியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். முதுகு முன்பக்கமாக வளைந்தே இருக்கிறது. கோர்வைச் சேலையென்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். நாடாவைத் தள்ளுவது, அச்சை இழுத்து அடிப்பது, மறுபடி தள்ளுவது. காலையில் ஆரம்பித்த இந்த அசைவு பொழுது சாயும்வரை நிற்பதில்லை. ஐம்பதைத் தாண்டிய நெசவாளர்களிடம் உடம்பைப் பற்றி விசாரித்தால், பலரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “ஜவ்வு தேஞ்சு போச்சுங்க.”

சிலருக்கு இடுப்பில் வலி. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கும். சிலருக்குத் தோளைத் தூக்க முடியாது. அங்கே நைந்திருப்பது தசைநாண். தரையிலிருந்து எழும்போது முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்பவருக்குக் குருத்தெலும்பு தேய்ந்திருக்கும். இடங்கள் வேறானாலும் இவை மூன்றும் ஒரே குடும்பம். மருத்துவம் இதை இணைப்புத் திசு என்கிறது. எலும்பு, கொழுப்பு, தோலின் உள்ளடுக்கு, ஏன் ரத்தம்கூட இந்தக் குடும்பத்தில்தான் சேர்த்தி. மற்ற திசுக்களில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இணைப்புத் திசுவில் பெரும்பாலும் செல்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்க, அவற்றுக்கு இடையில் உள்ள பொருள்தான் வேலையைச் செய்கிறது. அந்தப் பொருள் ரத்தத்தில் நீர்மம், எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறிய கெட்டி. நாணிலும் தோலிலும் குருத்தெலும்பிலும் அதற்கு உறுதி தருவது கொலாஜன் என்கிற புரதம். மனித உடலின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இது இருக்கிறது. ஆட்டுக்கால் பாயாவை ஆறவைத்தால் கட்டிக்கொள்கிறதே, அது கொதியில் பிரிந்த கொலாஜன்தான்.

இந்தப் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்த இடம், காஞ்சியிலிருந்து 75 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் சென்னை. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது 30. கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்ற செய்தியை, சென்னைக்கு வந்திருந்த பிரிட்டன் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால் அவர் காதில் போட்டார். பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்ரே கதிரில் படமெடுத்து, சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-லும் 1955-லும் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்ட கட்டுரைகள், கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட வடிவம் என்று சொல்லின. தனித்தனியாக ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் சுழல்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்கின்றன. இழையை ஒரு பக்கம் முறுக்கி, பிறகு இழைகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் நூல் பிரியாது என்பது பட்டு முறுக்குகிறவர்களுக்குப் பழகிய சங்கதி. உடம்பும் அதே உபாயத்தைத்தான் கையாள்கிறது. இன்னொன்றும் உண்டு. கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் கொலாஜனில் மூன்றுக்கு ஒன்றாக வருகிறது. பட்டு இழையின் கெட்டியான பகுதிகளில் அது ஒன்றுவிட்டு ஒன்றாக வருகிறது. தறியில் ஓடும் நூலும் அதை ஓட்டுகிற கையின் நாணும் இந்த அளவுக்கு உறவு.

ஒரே கொலாஜன், அடுக்குகிற விதத்தில் வேறு வேறு திசுவாகிறது. தசைநாணில் நார்கள் எல்லாம் ஒரே திசையில் நெருக்கமாகப் படுத்திருக்கும். அந்தத் திசையில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். தோலின் உள்ளடுக்கில் நாலா பக்கமும் பின்னிக் கிடக்கும். வைகாசி கருடசேவையில் வரதராஜப் பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோளை வாகனத் தண்டு எந்தப் பக்கம் அழுத்தினாலும் தோல் கிழியாமல் இருப்பது இதனால்தான். காது மடலில் கூடவே எலாஸ்டின் நாரும் இருப்பதால், மடக்கி விட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்கிறது.

நெசவாளர்கள் விஷயத்தில் என்னை உலுக்கியது வேறொரு செய்தி. உடம்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், பிறகு புதிது வந்துவிடும். எலும்பும் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மாறிக்கொண்டே இருக்கிறது. தசைநாணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பயிர் வழியாக அது உலகத்திலுள்ள எல்லோருடைய உடம்பிலும் சேர்ந்தது. அப்படி வெடிப்பதைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்துகொண்டே வந்தது. அதனால் ஒரு திசுவிலுள்ள அந்தக் கார்பனை அளந்தால், அந்தத் திசு எந்த ஆண்டுவாக்கில் உருவானது என்று சொல்லிவிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணை இப்படி அளந்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதி ஒருவரின் முதல் 17 வயதுக்குள் உருவானது, பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. முழங்கால் குருத்தெலும்பின் கொலாஜனும் அப்படியே என்று 2016-ல் தெரிந்தது.

இதைக் காஞ்சிபுரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று ஐம்பது, அறுபது வயதில் தறியில் இருப்பவர்களில் பலர், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் கோர்வைக்குக் கரை நாடா தள்ள உட்காரவைக்கப்பட்டவர்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்ததே 1986-ல்தான். வந்த பிறகும் வீட்டுத் தறிகளில் சின்னக் கைகள் ஓய்ந்துவிடவில்லை. வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டிய நாணும் குருத்தெலும்பும் உருவாகிக்கொண்டிருந்த ஆண்டுகளை அவர்கள் தறியில் கழித்தார்கள். அரை வயிற்றுச் சாப்பாட்டில் அவை எவ்வளவு உறுதியாக உருவாகியிருக்கும்? வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் சரியாக முறுக்கேறாது. ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா போதும். அதுவும் கிடைக்காத வீடுகள் இருந்தன.

இதற்காக நம்பிக்கையைக் கைவிட்டுவிடத் தேவையில்லை. நாணில் காயம் பட்டால் அங்குள்ள செல்கள் அவசரமாகக் கொலாஜனைச் சுரந்து ஒட்டுப் போடுகின்றன. அது முதலில் தாறுமாறாகக் கிடக்கும், மெல்ல மெல்லச் சுமை ஏற்றப் பழக்கினால் இழுக்கிற திசைக்கு ஏற்ப ஒழுங்காகும். இதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். குருத்தெலும்பும் வட்டின் உட்பகுதியும் இன்னும் மெதுவாகவே ஆறும், அவற்றுக்குள் ரத்தக் குழாயே கிடையாது. சுற்றியுள்ள நீர்மத்திலிருந்து ஊறி வருவதுதான் அவற்றுக்கு உணவு. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வந்தால் ஊறுவது நன்றாக நடக்கும். மணிக்கணக்கில் ஒரே வளைவில் உட்கார்ந்திருந்தால் தடைபடும். அரைமணிக்கு ஒருமுறை குழியிலிருந்து எழுந்து நாலு எட்டு நடந்தாலே வட்டுக்கு நல்லது.

ஆனால் எழுந்தால் கூலி போகும். சேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு மருத்துவ விடுப்பு ஏது? ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை முடித்தாக வேண்டுமென்றால், தோள்வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே தறியில் உட்காருவார். ஒட்டுப் போட்ட இடம் ஒழுங்காவதற்குள் மறுபடி நையும். வலி மாத்திரை வலியை மட்டும்தான் மறைக்கும். அவர்களுக்குத் தேவை நாணைப் பழக்கும் பயிற்சியும், பழகும்வரை அடுப்பெரியச் சம்பளமும். இந்த ஊரில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைவில்லை. பாவும் ஜரிகையும் வாங்க நெசவாளர் எப்படியும் அங்கே வருகிறார். வாரத்தில் ஒருநாள் அங்கேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் உட்காரட்டும். அவர் ஓய்வு எழுதிக்கொடுக்கும் வாரங்களுக்குச் சங்கம் பாதிக் கூலியாவது கொடுக்கட்டும்.