பாரம் இழுக்கும் பிக்அப்பில் பிரேக் மாற்றும் முறை

அமெரிக்காவில் படகு, குதிரை, முகாம் வீடு போன்றவற்றை டிரெய்லரில் இழுக்க ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 போன்ற கனரக பிக்அப்களைப் பலர் நாடுகிறார்கள். இவற்றின் பிரேக் விரைவில் தேய்வதற்கு முதல் காரணம் வெப்பம். 3 டன் வண்டி மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகிறது. பின்னால் 5 டன் டிரெய்லர் இருந்தால் அது 31 லட்சம் ஜூலாக உயரும். சுமார் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்.

கிறீச்சிடும் ஒலி, பெடலில் அதிர்வு, வண்டி நிற்க முன்பைவிட அதிக தூரம் பிடிப்பது ஆகியவை தேய்மானத்தின் அறிகுறிகள். பேடின் உராய்வுப் பகுதி 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் வழக்கமாக அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்த டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது. பாரம் இழுக்கும் வண்டிக்கு உலோகத் துகள் கலந்த பேடைப் பலரும் தேர்வுசெய்கிறார்கள். அது சற்று ஒலி எழுப்பினாலும் மிகுந்த வெப்பத்திலும் எளிதில் பிடிமானம் இழப்பதில்லை. ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

முதலில் டிரெய்லரைக் கழற்றி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் எடையை ஸ்டாண்டில்தான் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் வேலை செய்யக்கூடாது. சக்கரத்தை எடுத்ததும் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் எடை பிரேக் ஹோஸில் விழுந்தால் ஹோஸ் பழுதாகும். பல வண்டிகளில் பின் டிஸ்க்குக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் அமைந்திருப்பதால், பின் டிஸ்க்கைக் கழற்றுமுன் அதை விடுவிக்க வேண்டும்.

ஹப்பில் படிந்த துருவைக் கம்பி பிரஷால் சுத்தமாக நீக்குவது முக்கியம். மிச்சமிருக்கும் துரு புதிய டிஸ்க்கைச் சற்றே சாய்த்துவிடும். நாளடைவில் பெடல் அதிரும். புதிய டிஸ்க்கின்மீதுள்ள எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். காலிப்பர் நகரும் பின்களுக்கு அதற்குரிய கிரீஸ் இட வேண்டும். அந்தப் பின்கள் இறுகிப்போனால் ஒரு பேட் மட்டும் அதிகம் தேயும்.

தடித்த புதிய பேட் உள்ளே செல்லப் பிஸ்டனைக் கிளாம்ப் கொண்டு மெல்லப் பின்தள்ள வேண்டும். அப்போது பிரேக் ஆயில் தொட்டியில் ஏறி வழியலாம் என்பதால் கவனம் தேவை. நாள்பட்ட ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். டாட் 3 ஆயிலுக்கான விதிப்படி புதியதின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்கும், ஈரம் ஏறியதின் கொதிநிலை 140 டிகிரிக்கும் குறையக்கூடாது. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அமுங்கிப்போகும். எனவே பழைய ஆயிலையும் இத்துடன் மாற்றிவிடுவது பாதுகாப்பு.

போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கியபின், வண்டி நகருமுன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பின்னர் டிரெய்லர் இல்லாமல் மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.க்குச் சீராகக் குறைப்பதை, இடையிடையே ஆறவிட்டுச் சிலமுறை செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும். சிறிது தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும். டிரெய்லரின் மின் பிரேக் வலுவிழந்திருந்தால் அதன் சுமையும் வண்டியின் பேடிலேயே விழும் என்பதால், அதையும் சரிபார்த்த பிறகே பாரம் ஏற்ற வேண்டும்.