உஷார்! காசு லாச்சிக்குள் போகுமுன் பில் கைக்கு வரட்டும்

தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கமிருந்து அட்டன் போகிற பஸ்களில் நிற்க இடமிருக்காது. சேலை, உடுப்பு, பிள்ளைகளுக்குச் சப்பாத்து எல்லாம் வாங்கி முடிந்தபின் மிச்சக் காசு பெரும்பாலும் போய்ச் சேர்வது போன் கடைக்கு. இந்த வருஷமும் அங்கே படியேறப்போகிறவர்களே, உஷார்! கடையில் உங்கள்மேல் எரிந்து விழுந்தால், ‘டவுன்காரன் பேச்சு அப்படித்தான்’ என்று விழுங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த நேரத்தில் எரிந்து விழுகிறார்கள் என்று பாருங்கள். விலை பேசும்வரை எல்லாம் தேன்தான். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னால், வாரண்டி எத்தனை மாதம் என்று கேட்டால், பில் கேட்டால்தான் குரல் ஏறுகிறது.

ஒரு கடையில் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் ஓர் அக்கா நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். மகளுக்குப் போன். எண்ணி முடியும்வரை “வாங்கம்மா, பாருங்கம்மா” என்றிருந்த பையன், காசு லாச்சிக்குள் போனதும் ஆளே மாறிவிட்டான்.

“தம்பி, பில்லு ஒன்னு குடுங்க.”

“பில்லு எதுக்கு? நாங்க என்ன ஓடியா போறோம்? தோட்டத்து ஆளுங்களுக்கு எத்தன தடவ சொல்றது! நவுரு, பின்னால ஆள் நிக்கிது.”

தாய் வயதுள்ள பெண்ணிடம் இந்தப் பேச்சு. கடை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் கொண்டுபோன வாரண்டி அட்டையில் தேதி இல்லை, போனின் இலக்கம் இல்லை, கையெழுத்தும் இல்லை. நாளைக்குப் போன் செத்துப் போனால், “இது எங்க கடைல வாங்கினதுக்கு என்ன சாட்சி?” என்று ஒரே கேள்வியில் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவமானப்பட்டது ஒரு நிமிஷம் என்றாலும், அந்த ஒரு நிமிஷத்தில் கைவிட்டுப் போனது முழுக் காசுக்குமான சாட்சி.

அந்தக் காசு எவ்வளவு என்று மலையில் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால், நாற்பதாயிரம் ரூபா போன் என்பது ஏறக்குறைய முப்பது பேர், அதாவது முப்பது நாள் வேலை. மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் போட்ட நாட்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். முற்பணமோ மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடும். போன் செத்த பிறகும் பிடிபடும்.

ஆகவே சட்டம் உங்கள் பக்கம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு படியேறுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்கியவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். விற்பனைக்கு வைத்திருக்கிற சாமானை ‘உனக்கு விற்கமாட்டேன்’ என்று மறுப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சுவரில் ஒட்டியிருக்கிறதே, அதைக் கண்டு மிரள வேண்டாம். கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி அதிகார சபை விசாரிக்கலாம். நட்டம் உறுதியானால் நட்டஈடு கொடுக்கவோ, வேறு பொருள் மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பவோ உத்தரவிடலாம். அதட்டிப் பேசியதற்காக மட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் ஒருவரைப் பிடிக்க முடியாது. அதட்டலுக்குப் பயந்து எதை விட்டுவிட்டு வருகிறீர்களோ, அதைத்தான் அது காக்கிறது.

முக்கியமானது ஒழுங்கு. காசைக் கொடுத்துவிட்டுப் பில் கேட்காதீர்கள். பில்லை எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். கையில் காசு இருக்கும்வரை யாரும் உங்களை “நவுரு” என்று சொல்லப்போவதில்லை. பில்லில் தேதி, விலை, மொடல், போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் எல்லாம் இருக்க வேண்டும். *#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். பெட்டியில் உள்ளதும் பில்லில் உள்ளதும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். 2025 ஜனவரி இறுதியிலிருந்து அங்கீகாரமில்லாத புதிய போன்களை வலையமைப்பில் சேர்க்கவிடுவதில்லை என்று ஆணைக்குழு அறிவித்திருப்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று பதிவில்லாததை வாங்கி ஏமாந்துவிடாதீர்கள். இதையெல்லாம் பார்க்க விடாமல் அவசரப்படுத்துகிற கடையா? காசை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இறங்கிவிடுங்கள். வயதானவர்களை முக்காலியில் உட்கார வைத்து, வாரண்டி அட்டையைத் தமிழில் விளக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற முதலாளிமாரும் இருக்கிறார்கள். உங்கள் காசு அவர்களுக்குப் போகட்டும்.

படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவை அதட்டும்போது வெட்கப்பட்டு வாசல் பக்கம் ஒதுங்கி நிற்காதீர்கள். முன்னால் வந்து, சத்தம் போடாமல், “பில் எழுதுங்க, அப்புறம் காசு தாறோம்” என்று சொல்லுங்கள். தாயும் மகளும் சேர்ந்து நின்றால் பேச்சின் தோரணையே மாறும்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? 1977க்கு அழைத்து அதிகார சபையிடம் விபரம் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி, தமிழிலேயே எழுதுங்கள். பில்லின் பிரதியை இணையுங்கள், மூலத்தைக் கைவிடாதீர்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். தீபாவளிக்கு வாங்கியதற்குத் தைப்பூசம் கழித்துப் பார்ப்போம் என்றிருந்தால் கெடு தாண்டிவிடக்கூடும். பொங்கலுக்கு முன்னமே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, தபால் கந்தோர் சீட்டையும் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.