புகையிரதத்தின் நெற்றியில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும்

1963 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 ஆம் திகதி அதிகாலை, கிளாஸ்கோவிலிருந்து லண்டன் நோக்கிச் சென்ற அஞ்சல் புகையிரதத்தை மறித்து சுமார் 26 இலட்சம் பவுண் கொள்ளையிடப்பட்டமை வாசகர்கள் பலரும் அறிந்ததே. பச்சை விளக்கைக் கையுறையால் மறைத்து, மின்கலங்களின் உதவியுடன் சிவப்பு விளக்கை எரியச் செய்தே கொள்ளையர் அதனை நிறுத்தினர். சமிக்ஞை விளக்கு, பாதை சாரதிக்குச் சொல்லும் செய்தியாகும். அன்று அச்செய்தி பொய்யாக்கப்பட்டது. மறுபுறத்தில், புகையிரதம் தன்னைப் பற்றிச் சமிக்ஞையாளருக்குச் சொல்லும் செய்தியும் உண்டு. அதுவே 'ஹெட்கோட்' எனப்படும் முகப்புக் குறியீடு. மேற்படி புகையிரதத்தின் குறியீடு 1எம்44.

இது இயந்திரத்தின் இலக்கமல்ல. அன்று அதனை இழுத்துச் சென்ற டீசல் இயந்திரம் டி326. இயந்திர இலக்கம் இயந்திரத்தோடு செல்வது. குறியீடோ அந்த ஒரு பயணத்துக்கு மட்டுமே உரியது. அதே இயந்திரம் மாலையில் வேறொரு சேவைக்குச் சென்றால் குறியீடும் மாறிவிடும்.

முதலிலுள்ள 1 கடுகதி சேவையைக் குறிக்கும். 2 சாதாரண பயணிகள் சேவை; 5 வெறும் பெட்டிகள்; 6 முதல் 8 வரை சரக்கு; 0 தனித்துச் செல்லும் இயந்திரம். பிராந்தியம் விட்டுப் பிராந்தியம் செல்லும் சேவைகளில் எழுத்து சேருமிடத்தைக் காட்டும். எம் என்பது லண்டன் மிட்லண்ட் பிராந்தியம். எஸ் ஸ்கொட்லாந்துக்குப் போய்விட்டதால் தெற்குப் பிராந்தியத்துக்கு ஓ எழுத்தே கிடைத்தது! இறுதி இரு இலக்கங்கள் குறித்த சேவையைப் பிரித்தறிய உதவின.

நீராவிக் காலத்தில் இவ்வேலையை விளக்குகளே செய்தன. இருபுறமும் கீழே இரண்டு எரிந்தால் கடுகதி. புகைபோக்கியருகே ஒன்று மட்டுமெனில் சாதாரண பயணிகள் வண்டி. நான்கும் எரிந்தால் அரச குடும்பத்தின் புகையிரதம். தெற்கு இங்கிலாந்தில் மட்டும் வெள்ளை வட்டத் தகடுகள் வகையையன்றி வழித்தடத்தையே காட்டின. நிலக்கரி வண்டியொன்றைத் தவறுதலாக முன்னே செல்லவிட்டால், பின்னால் வரும் கடுகதி பல மைல்களுக்கு ஊர்ந்தே செல்ல நேரிடும். எதை ஒதுக்குவது, எதை விடுவது என்பதைச் சில நிமிடங்களுக்குள் தீர்மானிக்க வேண்டிய சமிக்ஞையாளருக்கு இவ்வடையாளம் இன்றியமையாததாக இருந்தது.

மின்மயமான கட்டுப்பாட்டு நிலையங்கள் பெருகி, குறியீடு அங்குள்ள பலகைகளிலேயே தோன்றத் தொடங்கியதும், 1976 ஜனவரியில் அதனை முகப்பில் காட்டும் வழக்கம் கைவிடப்பட்டது. பல இயந்திரங்கள் 0000 என்ற வெற்றிலக்கத்துடன் ஓடின. பாதையோரத்தில் நின்று வாசித்து மகிழ்ந்தவர்களுக்கு அது இழப்பே என்பது எமது கருத்து. எனினும் கணினிகளுக்குள் அதே நான்கு எழுத்துருக்களே இன்றும் பிரித்தானியப் புகையிரதங்களை இனங்காட்டி வருகின்றன.