அழுத்தமும் பரப்பும்

சேலம் நகருக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமீது, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. காப்பித் தோட்டங்களும் ஆரஞ்சு மரங்களும் சூழ்ந்த அவ்வூர், கண்ணுக்கு விருந்தளிப்பதோடு அறிவியல் உண்மையொன்றையும் கற்பிக்கின்றது. சேலத்தில் விரைவில் வேகும் பருப்பு, ஏற்காட்டில் திறந்த பானையில் வேக நெடுநேரம் ஆகும்.

இதற்குக் காரணம் காற்றின் அழுத்தமே. கடற்கரையில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் காற்று ஏறத்தாழ 1.03 கிலோகிராம் எடையளவு அழுத்துகின்றது. மேலே செல்லச் செல்லக் காற்றுப் போர்வை மெலிகின்றது. ஆதலின் ஏற்காட்டில் அவ்வழுத்தம் ஏறத்தாழ 0.86 கிலோகிராமே. புறத்தே அழுத்தம் குறைந்தால் நீர் முன்னரே கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஏற்காட்டில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதிக்கின்றது. கொதித்தபின் எவ்வளவு விறகு இட்டாலும் அதன் வெப்பநிலை உயராது.

நீராவியை அடைத்துவைத்து வெப்பநிலையை உயர்த்தும் வழியை 1679-ஆம் ஆண்டில் இலண்டனில் காட்டியவர் டெனி பாப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர். கடினமான எலும்பையும் மென்மையாக்கிய அவரது கலத்தின் வழிவந்ததே இன்றைய ‘குக்கர்’. அதன் மூடியிலுள்ள சிறு துளையின்மீது ஓர் எடை அமர்ந்திருக்கின்றது. புறக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் மிகும்வரை அது நீராவியை அடக்கிவைக்கின்றது. அதனால் ஏற்காட்டிலும் கலத்தினுள் நீர் ஏறத்தாழ 117 பாகை வரை சூடேறுகின்றது. பருப்பும் விரைவில் குழைகின்றது.

இத்துணை ஆற்றலுடைய ஆவியைச் சிறிய எடை எங்ஙனம் தடுக்கின்றது? ஒரு பொருளின்மீது செயற்படும் விசை, அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. அவ்வழுத்தம் தாக்கும் பரப்பையும் பொறுத்தது. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை கிடைக்கும். துளையின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்தில் ஒரு பங்காயின், அதனை அடைக்க 100 கிராம் எடையே போதும். ஆனால் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்போ 314 சதுர சென்டிமீட்டர். அதே ஆவி அம்மூடியை 314 கிலோகிராம் எடைக்கு நிகராக உந்துகின்றது. இது 75 கிலோகிராம் நெல்மூட்டைகள் நான்கின் எடையினும் மிகுதியாம்!

துப்பாக்கி செய்வோரும் இவ்விதியை மறவார். தோட்டாவில் மருந்து எரியும்போது எழும் வளி, குண்டை முன்னே செலுத்துவதோடு, குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டையும் பின்னோக்கி உந்துகின்றது. 1966-இல் நிறுவப்பெற்ற திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையில் செய்யப்படுவன போன்ற ரைபிள்களில், வளியின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4,000 கிலோகிராம் அளவை எட்டக்கூடும். தோட்டா உறையின் உட்பரப்பு 0.8 சதுர சென்டிமீட்டர் எனின், பூட்டைத் தாக்கும் விசை 3,200 கிலோகிராம். வேட்டைத் துப்பாக்கியிலோ அழுத்தம் ஏறத்தாழ 750 கிலோகிராமே. ஆயினும் அதன் தோட்டா பருமனானது. உட்பரப்பு 3 சதுர சென்டிமீட்டர் எனின், விசை 2,250 கிலோகிராம் ஆகின்றது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தும், விசை மூன்றில் இரு பங்கிற்குக் குறையவில்லை. ஆகவே, அழுத்தம் குறைவெனக் கருதி அதன் பூட்டை மெலிதாக அமைத்தல் பெருந்தீங்காய் முடியும்.

அடுக்களைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். எடையை வைக்குமுன் துளையில் பருப்புத்தோல் அடைத்திருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். ஆவி முற்றும் அடங்குமுன் மூடியைத் திறக்க முயலுதல் கூடாது. கையால் எளிதில் தூக்கத்தக்க அச்சிறு எடையைக் கண்டு ஆவியின் வலிமையை மதிப்பிடுவோர் ஏமாறுவர். மூடியின் பரப்பை எண்ணிப் பார்ப்போரே தம்மைக் காத்துக்கொள்வர்.