முதுமையை அணிந்து பார்த்தவர்

முதியோருக்கு உதவும் கருவிகளைப் பற்றிய ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. ஆய்வின் முடிவு ஆய்விதழின் பக்கங்களிலேயே நின்றுவிட்டால், கருவியைச் செய்பவருக்கும் பயன் இல்லை. அதைக் கையாளும் முதியவருக்கும் பயன் இல்லை. கண்டறிவது ஒரு பணி. கண்டறிந்ததை மக்களிடம் சேர்ப்பது மற்றொரு பணி.

பாட்ரிசியா மூரின் ஆய்வு

பாட்ரிசியா மூர் அமெரிக்க நாட்டுப் பொருள் வடிவமைப்பாளர். நியூயார்க் நகரில் பணியாற்றிய காலத்தில், குளிர்பதனப் பெட்டியின் வடிவமைப்பைப் பற்றிய கூட்டம் ஒன்றில் அவர் கலந்துகொண்டார். மூட்டுவலி உடையவரும் எளிதில் திறக்குமாறு கதவின் கைப்பிடியை அமைக்கலாமே என்று கேட்டார். அத்தகையோருக்காகத் தாங்கள் வடிவமைப்பதில்லை என்ற விடையே கிடைத்தது.

அவ்விடையை ஏற்க மூரின் மனம் இசையவில்லை. 1979ஆம் ஆண்டில், தம் 26ஆம் வயதில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டியாக அவர் வேடம் புனைந்தார். ஒப்பனைக் கலைஞர் ஒருவர் அவர் முகத்தில் சுருக்கங்களை உருவாக்கினார். பார்வையை மங்கச் செய்யும் கண்ணாடியை மூர் அணிந்தார், செவிகளை அடைத்துக்கொண்டார், விரல்கள் எளிதில் மடங்காதவாறு கட்டிக்கொண்டார். இவ்வேடத்துடன் 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 116 நகரங்களுக்குச் சென்றார்.

இளமையில் எளிதாகத் தோன்றிய கதவும் படிக்கட்டும் அவருக்குத் தடைகளாயின. சிலர் அன்புடன் உதவினர். சிலர் பொறுமை இழந்தனர். ஒருமுறை இளைஞர் கூட்டம் ஒன்று தாக்கியதால் அவர் கடுங்காயமுற்றார். குறை முதியவரின் கையில் இல்லை, அக்கையை எண்ணிப் பாராமல் செய்த பொருளில்தான் உள்ளது என்பதை அவர் ஆய்வு காட்டியது.

ஆய்வு மக்களைச் சென்றடைதல்

மூர் தம் பட்டறிவை 1985இல் நூலாக வெளியிட்டார். பல இடங்களில் உரையாற்றினார். முதியோர், குழந்தைகள், உடற்குறை உடையோர் என யாவருக்கும் ஏற்ற பொருளைச் செய்ய வேண்டும் என்ற கருத்து மெல்ல மெல்லப் பரவியது. 1990இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தோல்சீவி ஒன்று இதற்குச் சான்று. சாம் ஃபார்பர் என்னும் தொழில்முனைவோர், மூட்டுவலியால் துன்புற்ற தம் மனைவி காய் சீவுவதற்குப் படும் பாட்டைக் கண்டு, தடித்த ரப்பர்க் கைப்பிடி உடைய தோல்சீவியை உருவாக்கச் செய்தார். வலியுள்ள கைக்காகச் செய்த அக்கருவியை வலியில்லாதவர்களும் விரும்பி வாங்கினர்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் முதுமை ஆய்வகம் 'அக்னெஸ்' என்னும் உடையை உருவாக்கியுள்ளது. வயது ஏற ஏற விழியின் ஆடி மஞ்சள் நிறம் அடையும்; ஆதலால் இவ்வுடையில் மஞ்சள் நிறக் கண்ணாடி உண்டு. மேலும், கைகால்களின் அசைவைக் குறைக்கும் மீள்கயிறுகளும், தொடுவுணர்வைக் குறைக்கும் கையுறைகளும், நடையைத் தடுமாறச் செய்யும் காலணிகளும் உண்டு. பல பக்கக் கட்டுரை சொல்வதை, இவ்வுடையை அணியும் இளைஞர் சில நிமிடங்களில் உணர்கிறார்.

இந்தியாவில் ஒரு முயற்சி

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 38 இலட்சம் பேர். அவர்களுள் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்வாழ்சான்று அளிக்க வேண்டும். இதனைக் கணினிவழி அளிக்க உதவும் 'ஜீவன் பிரமாண்' திட்டம் 2014 நவம்பரில் தொடங்கியது. ஆயினும், முதுமையில் விரல்ரேகை தேய்வதால், கருவி பல முதியோரை அடையாளம் காணத் தவறியது. ஆகவே, கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று பெறும் முறை 2021 நவம்பரில் அறிமுகமானது.

முறை வந்தால் மட்டும் போதுமா? அது முதியவருக்குத் தெரிய வேண்டுமே! 2022இல் 37 நகரங்களிலும், 2023இல் 100 நகரங்களிலும் விளக்க முகாம்கள் நடத்தப்பட்டன. நடக்க இயலாதோரின் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பணியாளர்கள் நேரில் சென்றனர்.

இளையோர் கடமை

முதுமையில் பொதுவாக உச்சக் குரலைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது. சிறுவர் குரல் அத்தகையது. ஆகவே பாட்டியிடம் காணொலியில் பேசும் சிறுவர், முகம் தெரியுமாறு அமர்ந்து நிறுத்திப் பேசுதல் நலம். கைப்பேசியைப் பறித்துத் தாமே செய்து கொடுப்பது உதவி ஆகாது. முதியவர் தாமே செய்யும்வரை காத்திருப்பதே உதவி. தில்லியிலோ மும்பையிலோ வாழும் பேரன் பேத்தியர், செய்முறையைப் பெரிய தமிழ் எழுத்துகளில் படிப்படியாக எழுதி ஊரிலுள்ள தாத்தாவுக்கு அனுப்பலாம். ஆங்கிலத்தில் உள்ள கட்டளைகளைப் படிக்க இயலாத முதியவருக்கு அந்த ஒரு தாளே வழிகாட்டி ஆகும்.

சொற்பொருள்

புனைதல் – அணிதல், ஒப்பனை செய்தல்
இசைதல் – உடன்படுதல்
பட்டறிவு – அனுபவம்
காணொலி – வீடியோ

வினாக்கள்

1. மூர் வேடம் புனையக் காரணமான நிகழ்ச்சி யாது?
2. 'அக்னெஸ்' உடையில் மஞ்சள் நிறக் கண்ணாடி ஏன் உள்ளது?
3. முகத்தைக் காட்டிச் சான்று பெறும் முறை எதனால் தேவைப்பட்டது?
4. "கண்டறிவது ஒரு பணி, மக்களிடம் சேர்ப்பது மற்றொரு பணி" – பாடத்தைக் கொண்டு விளக்குக.

செயல்பாடு

கைப்பேசியில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் முறையை ஐந்து எளிய தொடர்களில் தமிழில் எழுதுக. அதனை முதியவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவருக்கு விளங்காத தொடரைத் திருத்தி எழுதுக.