செயற்கை மூட்டைப் பொருத்தும் கலை

ஆட்டுக்கல்லின் குழியில் குழவி சுழல்வதை நம்மில் பலர் பாட்டி வீட்டில் பார்த்திருப்போம். நமது இடுப்பு மூட்டும் ஏறக்குறைய அவ்வாறே அமைந்துள்ளது. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் அமர்ந்து சுழல்கிறது. இரண்டையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருப்பதால் நமக்கு நோவு தெரிவதில்லை. அது தேய்ந்துவிட்டால் எலும்பும் எலும்பும் உராயும். அப்போது படியேறுவதும், முழந்தாளிடுவதும், ஏன், இரவில் புரண்டு படுப்பதும்கூடப் பெரும் வேதனையாகிவிடும்.

இவ்வேதனையைத் தீர்க்க வழி கண்டவர்களுள் முதன்மையானவர் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி (1911–1982). இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் தேய்ந்த தலைக்குப் பதிலாகச் சிறிய எஃகு உருண்டையையும், குழியில் டெஃப்லான் என்னும் வழுக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்தினார். நோயாளிகள் மகிழ்ச்சியுடன் நடந்தனர். ஆனால் சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் சுற்றியிருந்த தசையைப் புண்ணாக்கின. ஏறக்குறைய 300 மூட்டுகள் இவ்வாறு பயனற்றுப் போயின.

சார்ன்லி தம் தவற்றை மறைக்கவில்லை. டெஃப்லான் துகளைத் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு அதன் தீமையைச் சோதித்து, அதை வெளியிட்டார். பாதிக்கப்பட்டவர்களுக்கு மீண்டும் அறுவை செய்தார். 1962-இல் உறுதிமிக்க பாலிஎதிலீன் கிண்ணத்தைப் பொருத்தினார். அது நிலைத்தது.

நல்ல பொருள் கிடைத்தால் மட்டும் போதுமா, தோழியரே? போதாது. அதைப் பொருத்தும் முறையும் செம்மையாக வேண்டும். சுவரில் இரும்புக் கம்பி பதிக்கும் கொத்தனாரைப் பாருங்கள். துளையிலுள்ள தூசியை நீக்கி, நீர் தெளித்து, பிறகே சாந்தை அழுத்தி நிரப்புகிறார். அவசரத்தில் அள்ளி அப்பினால் கம்பி ஆடும். செயற்கை மூட்டின் கதையும் இதுவே. பல் மருத்துவத்தில் பயன்பட்ட அக்ரிலிக் என்னும் பொருளை சார்ன்லி எலும்புச் சிமெண்டாகப் பயன்படுத்தினார். அது பசைபோல் ஒட்டுவதில்லை. எலும்பின் நுண்துளைகளுக்குள் புகுந்து, இறுகி, பிடித்துக்கொள்கிறது.

முதலில் இச்சிமெண்டை விரலால் அழுத்தினர். பின்னர் வந்தவர்கள் எலும்பின் உட்குழியை நீர்ப்பீச்சினால் கழுவி, இரத்தத்தையும் கொழுப்பையும் அகற்றினர். குழியின் அடியில் அடைப்பு வைத்து, துப்பாக்கி போன்ற கருவியால் கீழிருந்து மேலாக நிரப்பினர். காற்றுக்குமிழி தங்காதபடி வெற்றிடத்தில் சிமெண்டைக் கலந்தனர். இவற்றால் மூட்டின் பிடிப்பு உறுதியாயிற்று.

கிருமிகளையும் சார்ன்லி மறக்கவில்லை. அறுவை மேசையைச் சுற்றித் தனி அறை அமைத்து, வடிகட்டிய தூய காற்றைச் செலுத்தினார். நூற்றுக்கு ஏழு என்ற அளவில் இருந்த சீழ்த்தொற்று ஒன்றுக்கும் கீழே குறைந்தது.

அடுத்தது கோணம். கீல் கோணலானால் கதவு உரசும்; கிண்ணம் கோணலானால் உருண்டை நழுவும். 1978-இல் அமெரிக்க மருத்துவர்கள் கிண்ணம் சுமார் 40 பாகை சாய்ந்தும், 15 பாகை முன்நோக்கியும் இருப்பது நலம் என்றனர். இரண்டிலும் பத்துப் பாகை கூடலாம், குறையலாம். ஆனால் இவ்வளவுக்குள் இருந்தும் சிலருக்கு மூட்டு நழுவியது. ஒவ்வொருவர் உடலும் வேறல்லவா? ஆகவே, இன்று ஒவ்வொருவருக்கும் படம் எடுத்து, கணினியில் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். 1992-இல் அமெரிக்காவில் முதன்முறையாக மனிதரின் இடுப்பு மூட்டு அறுவையில் எந்திர மனிதன் உதவியது. எனினும் முடிவெடுப்பது மருத்துவரே.

ஒரு பாட்டி ஊன்றுகோலின்றித் தம் வாசற்படி இறங்குகிறார் என்றால், அதன் பின்னால் ஒரு பாகையையும் ஒரு குமிழியையும் பொருட்படுத்திய பலரின் பொறுமை இருக்கிறது. தவற்றை ஒப்புக்கொண்ட ஒருவரின் நேர்மையும் இருக்கிறது. நாளை நம்மில் யாரேனும் மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆனால், இவ்விரண்டையும் உடன் எடுத்துச் செல்வோம்.